பால் அறைக்கு மதிப்பெண் போட்ட கதை

அந்தப் பண்ணையின் பழைய பால் அறை நாளொன்றுக்குப் பதினோரு லிட்டர் கறந்தது. காலையில் ஆறு, மாலையில் ஐந்து. மழைக்காலத்தில் அரை லிட்டர் கூடும், கோடையில் ஒரு லிட்டர் குறையும். கொழுப்பு மட்டும் வருஷம் முழுக்க நாலு புள்ளி இரண்டிலிருந்து இம்மியும் அசையாது. குளிரூட்டும் இயந்திரங்கள் வருவதற்கு முந்தைய காலத்தில், பால் கேன்களைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைத்துக் குளிர வைப்பதற்காகக் கட்டிய அறை அது. பதினெட்டடி நீளம், பன்னிரண்டடி அகலம், இரண்டடி கனத்தில் சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக் கூரை, ஒரே ஒரு கதவு. தொட்டித் தண்ணீர் வெளியேறுவதற்காக வடக்குச் சுவரில் முழங்கால் உயரத்தில் நாலு மண்குழாய்கள் பதித்திருந்தார்கள். பால் வந்தது அந்த நாலில்தான். முன் இரண்டில் கொஞ்சம் குறைவாகவும் பின் இரண்டில் தாராளமாகவும் வந்தது. மாட்டுக்கும் அப்படித்தான் என்பதால் பண்ணையில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

பண்ணையை நடத்தியவள் அண்ணி. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவன் இறந்த பிறகு கணவனின் தம்பியோடு சேர்ந்து பண்ணையைப் பார்த்துக்கொண்டாள். தம்பி அவளை அண்ணி என்று கூப்பிடக் கூப்பிட, கறவையாட்களும் அப்படியே கூப்பிட்டார்கள். பிறகு அவளைவிடப் பத்து வயது மூத்த பால் வண்டிக்காரரும் அண்ணி என்றார். கடைசியில் மின்கட்டண ரசீதில்கூட அண்ணி என்றே வந்தது. கொழுந்தன் நல்ல உழைப்பாளி. மாடு என்றால் உயிரை விடுவான். மனிதர்களிடம் மட்டும் அவனுக்கு வாய் திறக்காது. நன்றி, மன்னிப்பு, பிரியம் இந்த மூன்றையும் அவன் வாயிலிருந்து கேட்டவர்கள் யாரும் இல்லை. மாட்டிடம் சொல்லியிருக்கலாம். மாடுகள் வெளியே சொல்வதில்லை.

பதினாலு வருஷத்துக்கு முன்பு ஒரு நோய் வந்து, ஒன்பது நாளில் இருபத்து மூன்று மாடுகளும் செத்தன. சுற்றுவட்டாரத்தில் ஒரு பண்ணையிலும் பால் இல்லை. கொழுந்தனின் மனைவி பிரசவத்தில் போய்ச் சேர்ந்து அப்போது இருபது நாள்தான் ஆகியிருந்தது. குழந்தை டப்பாப் பாலை வாயில் வைத்ததும் துப்பியது. அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பத்தாவது நாள் காலையில், வீட்டுக்குள் அழுகை தாங்காமல், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, வெயில் படாத இடம் தேடிப் பால் அறையின் வடக்குப் பக்கம் நின்றாள். குழந்தை வீறிட்டது. காலடியில் ஈரமாக ஏதோ பட்டது. குனிந்து பார்த்தால், நாலு குழாயிலிருந்தும் சொட்டுச் சொட்டாகப் பால். தொட்டு நக்கிப் பார்த்தாள். குழந்தையின் வாயில் ஒரு துளி வைத்தாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அண்ணியின் விரலைப் பிடித்து இழுத்தது. அண்ணி உட்கார்ந்து, குழாயை இரண்டு விரலால் நீவிக் கறக்க ஆரம்பித்தாள்.

கன்று போடாமல் பால் வராது என்பது பண்ணைக்காரர்களுக்குத் தெரியாததல்ல. அப்படியென்றால் இதற்குக் கன்று யார் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கொழுந்தன் வந்து பார்த்தான், சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்தான், செத்த மாடுகளைப் புதைக்கப் போய்விட்டான். பால் வண்டிக்காரர் அந்தப் பாலை ஏற்றிக்கொள்ள மறுத்தார். மாட்டின் காது எண்ணைக் குறிக்க வேண்டிய இடத்தில் எதை எழுதுவது என்பது அவருடைய நியாயமான கவலை. அதனால் பால் வீட்டுக்கே ஆனது. குழந்தை அதைக் குடித்து வளர்ந்தது, நடந்தது, பள்ளிக்கூடம் போனது, பதினாலு வயதில் அப்பனைவிட அரை அடி உயரமானது. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. அதற்குள் பண்ணையில் மறுபடியும் மாடுகள் வந்து அறுபதாகப் பெருகியிருந்தன.

தகராறு வந்தது இயந்திரக் கறவையால். அடுத்த வருஷத்திலிருந்து கையால் கறந்த பாலை வாங்க மாட்டோம் என்று கொள்முதல் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். இயந்திரம் வைக்க நீளமான கூடம் வேண்டும். பண்ணையில் கெட்டியான, மேடான, வண்டி வந்து போகிற மாதிரியான இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் நடுவில் பால் அறை நின்றது. கொழுந்தன் சொன்னதில் தப்பே இல்லை. கூடம் இல்லையென்றால் பண்ணையை இழுத்து மூட வேண்டியதுதான். அண்ணிக்கும் அது தெரியும். ஆனால் இடிக்கலாம் என்று அவன் சொன்ன அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சோறு போட்ட கையை வெட்டச் சொல்கிற மாதிரி இருந்தது. அவனிடம் சண்டை போட்டால் அவன் பதில் பேச மாட்டான், அதற்குச் சுவரோடு பேசுவதே தேவலை. அதனால் அவனுக்குத் தெரியாமல், பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதிப் போட்டாள். மரபுக் கட்டடம் என்று பதிவாகிவிட்டால் யாரும் ஒரு செங்கல்லைக்கூட அசைக்க முடியாது என்று பால் வண்டிக்காரர் சொல்லியிருந்தார்.

அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி ஒல்லியானவர், நேர்மையானவர், அளவுநாடாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே தூங்குவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பண்ணையில் முதல் நாளே அவருக்கு அளவுநாடா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் அறையின் நீள அகலம் எடுத்தார், சுண்ணாம்பைச் சுரண்டி முகர்ந்தார், தரை வடக்கு நோக்கிச் சாய்ந்திருக்கும் நேர்த்தியைப் பாராட்டினார், மதிப்பெண் தாளை எடுத்தார். வயதுக்குப் பத்துக்கு எட்டு. அரிதானதா என்பதற்குப் பத்துக்கு ஐந்து. வேலைப்பாட்டுக்குப் பத்துக்கு நாலு. புகழ்பெற்றவர் யாராவது அதில் பிறந்தாரா, தங்கினாரா என்று கேட்டார். ஒரு எருமை ஒரு முறை உள்ளே மாட்டிக்கொண்டது என்று அண்ணி உண்மையைச் சொன்னாள். அதற்கு இரண்டு. ஆக நாற்பதுக்குப் பத்தொன்பது. பதிவாக இருபத்து நாலு வேண்டும்.

அது பால் கறக்கிறதே, அதற்கு ஒன்றும் இல்லையா என்று அண்ணி கேட்டாள். அளவுநாடா, தன் கண்ணெதிரே அவள் கறந்து கொடுத்த ஒரு டம்ளர் பாலைக் குடித்து, நன்றாக இருப்பதாகவும் ஒப்புக்கொண்டார். ஆனால் பால் தருவது கட்டடத்தின் பயன்பாடு, மதிப்பு அல்ல. பயன்பாடு வேறு துறையில் வரும் என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். மூன்று மாதம் கழித்து மறுபடி வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மூன்று மாதத்தில் விண்ணப்பம் போட்ட விஷயம் வெளியே வந்து, கொழுந்தன் அண்ணிக்கு முகம் கொடுப்பதை நிறுத்தினான். அறையும் வழக்கம்போல் இல்லை. பதினோரு லிட்டர் ஒன்பதானது, ஏழானது, நாலுக்கு வந்து நின்றது. அளவுநாடா மறுபடி வந்து அளந்தபோது அகலம் பதின்மூன்றரை அடி இருந்தது. அவர் நாடாவைச் சந்தேகப்பட்டு, கடைக்குப் போய்ப் புது நாடா வாங்கி வந்து அளந்தார். அதே பதின்மூன்றரை. வடக்குச் சுவர் நடுவில் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. சுவர் ஒரு சாணுக்கு மேல் தள்ளினால் ஆபத்தான கட்டடம் என்பது விதி. அவருக்கு விதியை மீறத் தெரியாது. முப்பது நாளில் இடித்துவிட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போடும்போது அவர் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. காப்பாற்றுவதற்காகத் தானே எழுதி வரவழைத்த ஆள் கையாலேயே இப்படி ஆனதே என்று அண்ணி அன்று முழுக்கப் புலம்பினாள்.

கறவைக்காரர்கள் கறக்கும்போது மாட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்துக்கொள்வார்கள். முதுகுக்கு இதம், மாடும் மிரளாது. அண்ணி பதினாலு வருஷமாக அந்தச் சுவரில் மட்டும் சாய்ந்ததில்லை. தலையெல்லாம் சுண்ணாம்பாகிவிடும் என்பதுதான் காரணம். உத்தரவு வந்த ஆறாம் நாள் காலையில் அவளுக்கு உடம்பிலும் மனசிலும் தெம்பில்லை. இனி தலை எப்படிப் போனால் என்ன என்று சுவரில் சாய்ந்து கறந்தாள். இரண்டாவது இழுப்பில் உள்ளேயிருந்து அவள் கன்னத்தில் ஓர் உதை விழுந்தது.

அண்ணி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். சுவரில் காதை வைத்தாள். மறுபடி ஓர் உதை, பிறகு ஏதோ புரண்டு படுக்கிற மாதிரி ஓர் அசைவு. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன, அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. பண்ணையில் அறுபது மாடுகளுக்கும் எந்தத் தேதியில் கறவையை நிறுத்த வேண்டும் என்று பலகையில் சாக்பீஸால் எழுதி வைப்பவள் அவள். கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே மடியை வற்ற விட வேண்டும், இல்லையென்றால் தாய்க்கும் ஆகாது, கன்றுக்கும் ஆகாது என்று புதிய ஆட்களைத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுப்பவள். அவளே ஒரு சினைச் சுவரைக் காலையும் மாலையும் ஒட்டக் கறந்துகொண்டிருந்தாள். கட்டடம்தானே என்று நினைத்துவிட்டாள். அவள் சுவரிடம் மன்னிப்புக் கேட்டாள், அன்று மாலையிலிருந்து கறவையை நிறுத்தினாள், அறைக்குள் கிடந்த ஓட்டைக் கேன்களையும் துருப்பிடித்த மண்வெட்டிகளையும் அள்ளி வெளியே போட்டாள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு அது தொந்தரவுதானே.

கட்டடத்துக்குச் சினைக்காலம் எத்தனை மாதம் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. மீதி இருபத்து நாலு நாள். அண்ணி அளவுநாடாவுக்குப் போன் செய்து விவரத்தைச் சொன்னாள். அவர், உத்தரவை ரத்து செய்ய விதியில் இடமில்லை, ஆனால் கெடு முடிந்ததும் பார்வையிட நேரில் வர இடமிருக்கிறது என்றார். கொழுந்தனிடம் சொல்ல இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் அவன் தீவனத்தைக் கிளறிக்கொண்டு திரும்பி நின்றுகொண்டான். தன் காரியத்துக்காகக் கதை கட்டுகிறாள் என்று நினைப்பானோ என்று அவளும் திரும்பி வந்தாள்.

முப்பதாம் நாளுக்கு ஒரு வாரம் முன்பே அவன் இடிக்கும் இயந்திரத்தை வரவழைத்துவிட்டான். காலை எட்டு மணி. இயந்திரக்காரர் எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டார். கொழுந்தன் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வடக்குச் சுவருக்குப் போனான். அண்ணி சமையலறை வாசலில் நின்று சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தடுக்க வேண்டும் என்று நினைத்தாள், இப்போதும் நம்ப மாட்டான் என்று அங்கேயே நின்றுவிட்டாள்.

அவன் வட்டம் போடுவதற்காக இடது கையைச் சுவரில் ஊன்றினான். முப்பது வருஷமாக மாட்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்த கை அது; மூளையைக் கேட்காமலே வேலை செய்யும். உள்ளங்கை அப்படியே நின்றது. பிறகு சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு, கையை முஷ்டியாக்கி, சினை பார்க்கிறவர்கள் செய்வது போலச் சுவரை மெதுவாக ஒரு அழுத்து அழுத்தி விட்டான். உள்ளே போன கனம் திரும்பி வந்து முஷ்டியில் இடித்தது. அண்ணி பிற்பாடு சொன்னாள், அவன் காது இரண்டும் சிவந்துபோனதை அங்கிருந்தே பார்த்தாளாம்.

இயந்திரக்காரர் ஆரம்பிக்கலாமா என்று சத்தம் போட்டுக் கேட்டார்.

"வேணாங்க," என்றான் கொழுந்தன். "சினையா இருக்கு. நீங்க போயிட்டு வாங்க."

இயந்திரக்காரர் வீட்டிலும் இரண்டு எருமை உண்டு. அவர் இன்ஜினை அணைத்தார், சத்தம் ஆகாது என்று சொல்லி, சரிவான பாதையில் வண்டியை இன்ஜின் போடாமலே உருட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு எட்டு நாள் கொழுந்தன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கவிழ்த்த கேன் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தான். சாப்பாடு அங்கேயே போனது. அண்ணியிடம் இன்னும் பேசவில்லை, ஆனால் தட்டை வாங்கும்போது இரண்டு கையாலும் வாங்கினான். ஆறாம் நாள் ஓடுகள் தளர்ந்தன. ஏழாம் நாள் கதவு நிலை வியர்த்தது. எட்டாம் நாள், பார்வையிடும் தாள்களோடு அளவுநாடா வந்து இறங்கியபோது, வடக்குச் சுவரின் அடியில் விரிசல் விட்டு, சுண்ணாம்பு நீர் உடைந்து ஓடிக்கொண்டிருந்தது.

முறைப்படி, கன்றின் முன்னங்கால்கள் மாதிரி, கதவின் இரண்டு நிலைக்கால்களும் முன்னால் வர வேண்டும், அவற்றின் மேல் தலையை வைத்த மாதிரி கூரை முனை வர வேண்டும். ஒரு நிலைக்கால்தான் வந்தது. மற்றது உள்ளே மடங்கிக் கிடந்தது. கொழுந்தன் தோள் வரைக்கும் சோப்புப் போட்டுக்கொண்டு குப்புறப் படுத்து, விரிசலுக்குள் கையை விட்டான். வந்ததை மெல்ல உள்ளே தள்ளி, மடங்கியதைத் தேடிப் பிடித்து, அதன் முனை தாயைக் கிழித்துவிடாமல் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டு நிமிர்த்தினான். முக்கால் மணி நேரம் ஆனது. கயிறு போட்டு அண்ணி இழுத்தாள், கொழுந்தனின் மகள் இழுத்தாள். மரபுக் கட்டடத்தை யாரும் தொடக் கூடாது என்று இருபது வருஷமாக எழுதிவந்த அளவுநாடாவும் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கயிற்றின் கடைசியைப் பிடித்தார். பதினொன்று பத்துக்குக் கன்று வந்து விழுந்தது.

மூன்றடிக்கு இரண்டடி. அம்மாவைப் போலவே வடக்குப் பார்த்த சாய்ந்த தரை. ஓடுகள் பிறந்த குழந்தையின் நகம் மாதிரி மெத்தென்று இருந்தன. சாக்கால் துடைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் ஒருக்களித்துக் கிடந்தது, இரண்டு தரம் எழுந்து விழுந்தது, மூன்றாம் தரம் நாலு மூலையையும் ஊன்றி நின்றது. தாயின் சுவர் தானாகவே உள்வாங்கிக் கூடிக்கொண்டது. அளவுநாடா அளந்தார்: பன்னிரண்டடி, துல்லியமாக. விதிப்படி ஆபத்து நீங்கியது என்று அங்கேயே எழுதினார்.

நாலு குழாயிலும் சீம்பால் சொட்ட ஆரம்பித்தது, மஞ்சளாக, கெட்டியாக. பால் பண்ணைகளில் கன்றைத் தாயோடு விடுவதில்லை. பிறந்த அன்றே தனிக் கொட்டிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பால் விற்கிறவர்களுக்கு வேறு வழி கிடையாது, கொழுந்தன் ஆயிரம் கன்றுகளை அப்படித் தூக்கிப் போயிருப்பான். சின்னதைச் சுற்றிக் கயிறு இன்னும் அப்படியே கிடந்தது. அண்ணி அவனைப் பார்த்தாள். அவன் குனிந்து கயிற்றை அவிழ்த்துத் தூரப் போட்டான். சீம்பாலை வாளியில் கறந்தான், ஓடிப்போய் வெள்ளையடிக்கிற மட்டையை எடுத்து வரும்படி மகளிடம் சொன்னான். அவள் மட்டையைப் பாலில் தோய்த்துச் சின்னச் சுவரில் பூசப் பூச, அது ஒரு துளி கீழே விடாமல் உறிஞ்சிக்கொண்டது. நாலு வாளி குடித்தது. ஐந்தாவதைக் காய்ச்சி எல்லோருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள் அண்ணி. பதினாலு வருஷத்தில் கொழுந்தன் அந்தப் பாலை வாயில் வைத்தது அன்றுதான்.

அளவுநாடா கேன் மேல் உட்கார்ந்து மதிப்பெண் தாளை விரித்தார். பத்தொன்பது பத்தொன்பதாகத்தான் இருந்தது. கடைசியில் 'வேறு காரணங்கள்' என்று ஒரு கட்டம் உண்டு. தன் உத்தியோகத்தில் அதை யாரும் நிரப்பிப் பார்த்ததில்லை என்றும், அதற்கு எத்தனை மதிப்பெண் என்று விதியில் சொல்லவில்லை என்றும், இடிக்கச் சொன்னவரே காரணம் சொன்னால் வலுவாக இருக்கும் என்றும் அவர் ஜாடையாகச் சொன்னார். கொழுந்தன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவன் எங்கே வாயைத் திறக்கப் போகிறான் என்று அண்ணி தானே ஏதோ சொல்லத் தொடங்கினாள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"மாடு செத்தப்போ எம்பொண்ணு பொழைக்காதுன்னுதான் நெனச்சேன் சார். இதுதான் பால் குடுத்துச்சு. கறந்து குடுத்தது அண்ணி. ரெண்டு பேருக்கும் நான் ஒரு நாள்கூட நன்றின்னு சொன்னதில்ல. சொல்லத் தெரியல. இப்ப சொல்றேன், எழுதிக்கங்க."

அண்ணி அழுதாள். பதினாலு வருஷமாக அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தாள். எதிர்பார்த்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. மகள் மட்டையைப் பிடித்தபடி அப்பனை முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்தாள். அளவுநாடா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பேனாவை எடுத்து, நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'தாய்க் கட்டடம். கன்று உடன் உள்ளது. இந்த வீட்டார் இதற்கு நன்றிக்கடன் பட்டவர்கள். இரண்டையும் பிரிக்கக் கூடாது.' எதிரே ஐந்து மதிப்பெண் போட்டார். தலைமை அலுவலகத்தில் அதை மறுக்க எந்த விதியும் அகப்படாததால் அப்படியே பதிவாகிவிட்டது.

இயந்திரக் கூடத்தைக் கொழுந்தன் பள்ளத்தில் கட்டினான். ஒரு கோடை முழுக்க மண் அடித்து மேடாக்கினான், முதுகு வலிக்கிறது என்று வீட்டில் எல்லோரிடமும் தாராளமாகச் சொன்னான். பண்ணை மூடவில்லை. பெரிய அறை இப்போது எட்டு லிட்டர் கறக்கிறது. எப்போது வற்ற விட வேண்டும் என்பது மற்ற மாடுகளோடு அதே பலகையில் எழுதியிருக்கிறது. சின்னது அம்மாவின் நிழலை விட்டு நகராமல் ஏழடிக்கு ஐந்தடி வளர்ந்திருக்கிறது, போன மழைக்குப் பிறகு ஒரு ஜன்னல் முளைத்தது. பதிவான கட்டடங்களை வருஷத்துக்கு ஒரு முறை அளக்க வேண்டும் என்பது விதி என்பதால் அளவுநாடா தவறாமல் வருகிறார், விதியில் இல்லாத தின்பண்டம் ஏதாவது மகளுக்கு வாங்கி வருகிறார். இந்த வருஷம் அவர் நாடாவை உருவிக்கொண்டு சின்னதன் பக்கம் போனபோது கொழுந்தன் முன்னால் வந்து அவர் கையைப் பிடித்தான்.

"கொஞ்சம் இருங்க சார். இப்பத்தான் தூங்குச்சு."

அவரும் நாடாவைச் சத்தமில்லாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அது எழுந்திருக்கும் வரை அங்கேயே நிழலில் உட்கார்ந்திருந்தார்.